அப்பப்பாவின் லான்ட்மாஸ்ரர்

கனநாளாக ஒன்றும் எழுதவில்லை. செமஸ்டர் சோதனை, அசைன்மென்ட், அதுக்குப் பிறகு வழக்கமான பஞ்சி. போன கிழமை கன்ரீனில் ஒருத்தன் கேட்டான்: "மச்சான், நீ கொமர்ஸ்தானே? பிறகேன் உன்ர கை எப்ப பாத்தாலும் மண்ணெண்ணெய் மணக்குது?" பதில் சொல்ல வெளிக்கிட்டால் ரீ ஆறிவிடும் என்பதால் சிரித்துச் சமாளித்துவிட்டேன். அவனுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையில்லாத ஆக்கள் இப்பவே வேறு எங்கேயாவது போகலாம் :-)

எங்கள் வீட்டுக் கோடிக்குள் ஒரு கிடுகுக் கொட்டில் இருக்கிறது. அதற்குள் 1996ஆம் ஆண்டிலிருந்து ஒரு லான்ட்மாஸ்ரர் நின்றது. நின்றது என்று சொல்வதும் பிழை. ரயர் இரண்டும் உக்கி, ஒரு பக்கம் சரிந்து, மேலே பழைய சாக்கும் தேங்காய் மட்டையும் குவிந்து, கோழிகள் முட்டையிடும் இடமாகக் கிடந்தது. சின்ன வயதில் அதன் கைபிடியைப் பிடித்துக்கொண்டு வாயால் என்ஜின் சத்தம் போட்டதுதான் எனக்கும் அதுக்குமான முதல் உறவு. அப்பா கண்டால் ஏசுவார். "பாம்பு கிடக்கும், இறங்கடா" என்பார். பாம்பு மட்டும் காரணம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வெளிநாட்டில் இருந்து வாசிக்கிறவர்களுக்காக: லான்ட்மாஸ்ரர் என்பது இரண்டு சில்லு உழவு மிசின். ஏறி இருந்து ஓட்டுகிற ரக்டர் இல்லை. முன்னுக்கு என்ஜின், கீழே இரண்டு சில்லு, பின்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு கைபிடி. அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். பெட்டியைக் கொழுவினால் மட்டும் குந்தியிருந்து ஓட்டலாம். எங்கள் ஊரில் குபோட்டாவும் லான்ட்மாஸ்ரர்தான், நேற்று வந்த சீன மிசினும் லான்ட்மாஸ்ரர்தான். ஒரு கம்பனியின் பெயர் ஒரு பொருளின் பெயராகவே மாறுவதற்கு மார்க்கெற்றிங் பாடத்தில் எங்களுக்கு வேறு எங்கேயோ இருந்து உதாரணம் சொல்லித் தருகிறார்கள். கோடிக்குள் கிடந்ததை ஒருவரும் சொல்லவில்லை.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு இலங்கையர் இருக்கிறார் என்பதும் எனக்கு 2022 வரை தெரியாது. ரே விஜேவர்தன. 1924இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர். 1950களில் இந்த இரண்டு சில்லு மிசினை வடிவமைத்தவர் அவர்தான். இங்கிலாந்தில் நொட்டிங்ஹாமில் இருந்த லான்ட்மாஸ்ரர் கம்பனி அதைச் செய்து 1960களில் பல நாடுகளுக்கு விற்றது. மனிதர் இதோடு நிற்கவில்லை. சின்ன விமானங்களைத் தானே கட்டிப் பறந்திருக்கிறார். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் இலங்கைக்காகக் கலந்துகொண்டிருக்கிறார். ஹாவார்ட் பிஸ்னஸ் ஸ்கூலிலும் படித்திருக்கிறார் (ஆகவே எங்கட ஆள்!). 2010இல் காலமானார்.

இதில் எனக்குப் பிடித்த விசயம் வேறு. பிற்காலத்தில் அவரே தன்னுடைய மிசினைக் கேள்வி கேட்டார். நாங்கள் விவசாயத்தை இயந்திரமயமாக்கவில்லை, எருமையைத்தான் இயந்திரமாக்கினோம் என்ற கருத்தில் பேசினார். யோசித்துப் பார்த்தால் சரிதான். எருமை புல்லைத் தின்று உழும், சாணி போடும், பால் தரும், கன்று போடும். மிசின் எண்ணெயைக் குடித்து உழும், அவ்வளவுதான். அதோடு எங்களைப் போன்ற வெப்பநாட்டு மண்ணைக் கிண்டிக் கிண்டி வெயிலுக்கும் மழைக்கும் திறந்து வைப்பதே பிழை என்று சொல்லி, உழாமல் செய்யும் விவசாயத்தின் பக்கம் போய்விட்டார். நைஜீரியாவில் இபடான் நகரத்து ஆராய்ச்சி நிலையத்தில் அதற்காகவே வேலை செய்தார். தான் பெற்ற பிள்ளையைச் சபையில் வைத்துக் குறை சொல்கிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

சரி, கதைக்கு வருகிறேன்.

2022 பங்குனியில் ஏ.எல். சோதனை முடிந்தது. கம்பஸ் கிடைக்குமோ கிடைக்காதோ என்று தெரியாமல் வீட்டில் சும்மா இருந்த காலம். நாட்டில் பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, கரண்ட் இல்லை. அப்பா சங்கக்கடையில் வேலை. மாதச் சம்பளம் இரண்டாம் கிழமையோடு முடிந்துவிடும். அந்த நேரம் பழைய இரும்பு வாங்குகிற ஒருவர் லொறியில் வந்தார். வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேரே கொட்டிலுக்குப் போனார். கிலோ 90 ரூபாய், எப்படியும் 220 கிலோ வரும், கணக்குப் பார்க்காமல் 20,000 தாறன் என்றார். அப்பா உடனே "ஏத்துங்கோ" என்றுவிட்டார். விலைகூடப் பேசவில்லை. முருங்கைக்காய் விற்கவே பேரம் பேசுகிற மனுசன்!

நான் ஏன் குறுக்கே நின்றேன் என்று இப்பவும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "ஒரு மாசம் தாங்கோ அப்பா, நான் இதைக் கழட்டிப் பாக்கிறன், சரிவராட்டி நானே ஏத்திவிடுறன்" என்றேன். அம்மா என் பக்கம் சேர்ந்துகொண்டார். அப்பா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். இரும்புக்காரர், "தம்பி, ஒரு மாசத்தில விலை இறங்கினா என்னைக் கேக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அப்போது ஸ்பானர் பிடிக்கவும் தெரியாது. தெரிந்தது பெறுமானத் தேய்வு மட்டும்தான். நேர்கோட்டு முறைப்படி பார்த்தால் அந்த மிசினின் ஏட்டுப் பெறுமதி எப்பவோ பூச்சியம்.

கோழியை விரட்டி, மட்டையை அள்ளி, மிசினை வெளியே இழுக்கவே இரண்டு நாள். என்ஜின் தகட்டைச் சுரண்டினால் வில்லியர்ஸ் என்று எழுத்துத் தெரிந்தது. கயிறு சுற்றுகிற புல்லியைப் பிடித்துத் திருப்பினேன். அசையவில்லை. பிஸ்ரன் சிலிண்டரோடு ஒட்டிவிட்டது. இதுதான் பழைய என்ஜின்களின் பொதுவான வருத்தம். மழை ஈரம் உள்ளே இறங்கி, ரிங்குக்கும் சிலிண்டருக்கும் இடையில் கறள் பிடித்துவிடும். எங்கள் சந்தியில் கராஜ் வைத்திருக்கிற அண்ணை வந்து பார்த்துவிட்டு, "சுத்தியலால அடிச்சியோ, அண்டைக்கே இரும்புக்காரனுக்குக் குடுக்கலாம்" என்றார். நல்லவேளை, இது வால்வு பக்கவாட்டில் இருக்கிற பழைய வகை. ஹெட்டைக் கழற்றுவது சுகம். கழற்றி, டீசலும் பிரேக் ஒயிலும் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒரு பலகைத் துண்டை வைத்து மெல்லத் தட்டுவேன். பதினொராம் நாள் ஒரு நூல் அளவு இறங்கியது. அந்த ஒரு நூலுக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

கறளை எடுக்க ஒரு வழி சொல்கிறேன், தேவைப்படுகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கோ. பிளாஸ்ரிக் வாளி நிறையத் தண்ணீர், அதில் சலவைச் சோடா. கறள் பிடித்த துண்டை நடுவில் தொங்கவிட்டு பற்றறி சார்ஜரின் மைனஸைக் கொடுங்கோ. வாளியின் ஓரத்தில் ஒரு பழைய இரும்புத் தகடு வைத்து அதுக்குப் பிளஸ். இரண்டும் ஒன்றோடொன்று முட்டக்கூடாது. ஒரு இரவு விட்டால் கறள் கறுத்த சேறாகக் கழன்று வரும், நல்ல இரும்புக்கு ஒன்றும் ஆகாது. வெளியில் வைத்துச் செய்யுங்கோ, ஐதரசன் வரும், பக்கத்தில் நெருப்புக் கொண்டுபோகாதேங்கோ. தகட்டுக்கு எவர்சில்வர் போடவே கூடாது, அதிலிருக்கிற குரோமியம் நஞ்சாகிவிடும். வாளியை விட எங்களுக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது கரண்ட். மின்வெட்டு நேரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் சார்ஜரைக் கொழுவினேன்.

ரிங் மட்டும் இங்கே கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் பழைய வில்லியர்ஸ் என்ஜின்களுக்கு இப்பவும் உதிரிப்பாகம் விற்கிற கடைகள் இருக்கின்றன. லண்டனில் இருக்கிற மாமியிடம் கேட்டேன். உடுப்பு, சொக்கலேற் கேட்பேன் என்று நினைத்தவர், "உந்த இரும்பு வளையத்துக்கோ நான் போஸ்ற் ஒஃபிஸில வரிசையில நிண்டனான்?" என்று வட்சப்பில் பேசினார். ஹெட் காஸ்கெற்றும் அதோடு வந்தது. மற்றக் காஸ்கெற்றுகளை நானே வெட்டினேன். கடுதாசியை உலோகத்தின் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பு வழியே மெல்லத் தட்டிக்கொண்டு போனால் அதுவாகவே அளவுக்கு வெட்டுப்படும். இது அண்ணை சொல்லித் தந்தது. கடைசிவரை என்னிடம் ஒரு சதம் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக அவருடைய மகளுக்கு ஓ.எல். கணக்கீடு படிப்பித்தேன். அவள் ஏ எடுத்தாள் என்பதையும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்தது மக்னெட். இந்த வகை என்ஜினுக்குப் பற்றறி இல்லை. பாரமான பிளைவீலுக்குள் காந்தம். அது சுற்றும்போது உள்ளே இருக்கிற கொயிலில் கரண்ட் பிறந்து, பொயின்ற் திறக்கிற கணத்தில் பிளக்கில் பொறி பறக்கும். பிளைவீலைப் புல்லர் போட்டுக் கழற்றினேன். கழற்றினால், உள்மூடியைச் சுற்றி ஏதோ கறுப்பாகச் சுற்றிக் கட்டியிருந்தது. தொட்டால் பொடியாக உதிர்ந்தது. சைக்கிள் ரியூப். நீளமாகக் கீலம் கீலமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கிச் சுற்றி, நூலால் கட்டியிருந்தது. ஒருவரும் கராஜில் வைத்து இப்படிச் செய்யமாட்டார்கள்.

அதைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்து அம்மாவுக்குக் காட்டினேன். வேலையால் வந்த அப்பா படியில் ஏறினவர் அப்படியே நின்றுவிட்டார்.

"உது என்ர சைக்கிள் ரியூப்" என்றார்.

அன்று இரவுதான் முழுக் கதையும் வந்தது. 1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்ட நாள். அப்பாவுக்கு அப்போது பதினேழு வயது. லான்ட்மாஸ்ரர் பெட்டியில் நெல்மூட்டை, அப்பம்மாவின் தையல் மிசின், அப்பாவின் ஏ.எல். புத்தகங்கள். அப்பா பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு. சரியான மழை. செம்மணி வெளியில் மிசின் நின்றுவிட்டது. மக்னெட்டுக்குள் தண்ணீர். முன்னுக்கும் பின்னுக்கும் அசைய முடியாத சனம். அப்பப்பா சொன்னாராம், "நீங்கள் நடவுங்கோ, நான் இதைப் பாத்துக்கொண்டு வாறன், சைக்கிளை வச்சிட்டுப் போ." அப்பம்மா கெஞ்சியிருக்கிறார். அவர் அசையவில்லை. இவர்கள் நாவற்குழிப் பாலம் தாண்டி விடியத்தான் சாவகச்சேரிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அப்பப்பா அன்றும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. அப்பம்மா செத்த வீட்டு அழுகை அழத் தொடங்கிவிட்டார்.

மூன்றாம் நாள் அவர் வந்தார். மிசினோடு. பெட்டிக்குள் நெல்மூட்டை இல்லை, தையல் மிசின் இல்லை, புத்தகமும் இல்லை. ஆரோ இரண்டு கிழவிகளும் ஒரு பிள்ளைத்தாச்சியும் இருந்தார்களாம். மிசின் ஸ்ரார்ட் வந்த பிறகு நடக்க ஏலாத சனத்தை ஏற்றி இறக்கி, திரும்பத் திரும்ப வெளிக்கு ஓடியிருக்கிறார்.

"ஊருக்கு ஓடினவர். வீட்டுக்கு ஓடேல்ல" என்றார் அப்பா. அதைச் சொல்லும்போது அவருடைய குரல் எனக்குப் புதிது. "அந்த மூண்டு நாள் நான்தான் அம்மாவ வச்சிருந்தனான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்ல? அந்தப் பெட்டியில் வந்த பிள்ளைத்தாச்சியின் பிள்ளைக்கு இப்போது கிட்டத்தட்ட முப்பது வயது இருக்கும், எங்கேயோ இருக்கும். அதற்காக அப்பாவின் கோபம் பிழை என்று ஆகிவிடுமா? 1996இல் ஊருக்குத் திரும்பி வந்ததும் அதே மிசினில்தான். அதுக்குப் பிறகு அப்பப்பாவுக்கு முதுகு ஏலாமல் போய்விட்டது. அப்பா அதைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். 2011இல் அப்பப்பா செத்தபோதும் அது கொட்டிலுக்குள் அப்படியே நின்றது. 20,000 ரூபாய்க்கு ஏன் பேரம் பேசவில்லை என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. மிசினை விட்டுவிடுவோமா என்று கேட்டேன். "தொடங்கினத முடி" என்றுவிட்டுப் படுக்கப் போனார்.

மக்னெட்டின் கொன்டென்சர் செத்துப்போயிருந்தது. மொரிஸ் மைனர் கொன்டென்சர் ஒன்றை வெளியில் பூட்டினோம். யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனருக்கும் ஏ-40க்கும் இப்பவும் சாமான் எடுக்கலாம், அந்த வகையில் நாங்கள் கொடுத்துவைத்த ஆக்கள். பொயின்ற் இடைவெளி பார்க்க கேஜ் இல்லை. கலியாணக் காட் ஒன்றை மடிக்காமல் வைத்துப் பார்த்தோம், கிட்டத்தட்டச் சரி.

எண்ணெய் விசயம் தனிக் கதை. இது மண்ணெண்ணெயில் ஓடுகிற என்ஜின். ஆனால் குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, நன்றாகச் சூடான பிறகு குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிற்பாட்ட முதல் திரும்பப் பெற்றோலுக்கு வந்து காபரேற்றரை நிரப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் கயிறு இழுத்தே தோள் போய்விடும். சூடாகாமல் மண்ணெண்ணெயில் ஓட்டினால் எரியாதது வழிந்து கீழே இறங்கி என்ஜின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிள், கார் எல்லாம் இப்படித்தான் ஓடினவை: சின்னப் போத்தலில் கொஞ்சப் பெற்றோல், மிச்சம் மண்ணெண்ணெய். 2022 ஆடியில் கியூ.ஆர். வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அப்பாவின் சைக்கிளில் இருந்து நான் எடுத்தது மொத்தம் ஒரு சோடாப் போத்தல். அவருக்குத் தெரியும். கேட்கவில்லை. ஆவணியில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய் ஆனது. என்னுடைய செலவுக் கணக்கு முழுவதும் அன்றோடு கிழிந்தது.

முதல்முதல் வெடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். நாற்பது தரமாவது கயிறு இழுத்திருப்பேன். வெடிக்கும், நின்றுவிடும், வெடிக்கும், நின்றுவிடும். அண்ணையும் களைத்துப்போய் வீட்டுக்குப் போய்விட்டார். அப்பா வாசலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர் எழும்பி வந்து, சாரத்தை மடித்துக் கட்டி, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, காபரேற்றர் வாயை உள்ளங்கையால் அரைவாசி பொத்தினார். "இப்ப இழு" என்றார். இழுத்தேன். பிடித்துக்கொண்டது. கொட்டில் முழுக்க வெள்ளைப் புகை, கோழிகள் எல்லாம் வேலிக்கு மேலால் பறந்தன. அப்பா கையைத் துடைத்துவிட்டுத் திரும்பப் போய்ப் பேப்பரை எடுத்தார்.

மூன்று வருசமாக அதை வைத்து உழுகிறேன். எங்களுக்கு நாலு பரப்புத் தோட்டக்காணி, செம்மண், வெங்காயம் போடுகிற இடம். கலப்பை ஒரு தரம் போனால் இரண்டடி அகலம் கிண்டும் என்று வைத்தால், நாலு பரப்பை ஒரு முறை உழ 1.7 கிலோமீற்றர் நடக்க வேண்டும், திருப்பங்கள் வேறு. பிறகு குறுக்கால் இன்னொரு தரம். கேட்கச் சின்னத் தூரம். ஆனால் கைபிடி அதிர்கிற அதிர்வில் இரவு சோறு குழைக்கும்போதும் விரல் நடுங்கும். திருப்புவதற்கு ஸ்ரேறிங் இல்லை, எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கக் கிளச்சைப் பிடிக்க வேண்டும். முதல் நாள் மாறிப் பிடித்து பக்கத்துக் காணி வேலியில் ஏறினேன். ரே விஜேவர்தன சொன்னதை வாசித்த பிறகு ஆழ உழுவதை நிற்பாட்டிவிட்டு, மேலால் கிளறிவிட்டு, கிளிசரியா இலையைப் பரப்பி மண்ணை மூடிப் பார்க்கிறேன். வெங்காயம் என்ன சொல்கிறது என்று அடுத்த போகத்தில் பார்ப்போம்.

அமெரிக்காவில் இந்த விசர் பிடித்தவர்கள் நிறைய. அங்கே பழைய தோட்ட ரக்டர்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். இந்தியானாவில் செய்த வீல் ஹோர்ஸ், 1961இல் வந்த கப் கடெட், 1963இல் வந்த ஜோன் டியர் 110. மேற்கு வேர்ஜினியாவில் செய்த கிரேவ்லி எங்கள் மிசினைப் போலவே இரண்டு சில்லு. யூரியூப்பில் பார்த்தால் கண்ணாடி போலப் பெயின்ற் அடித்து வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். நான் பெயின்ற் அடிக்கவில்லை. சுரண்டிப் பார்த்தபோது மேலே பச்சை, அதன் கீழே நீலம், அதன் கீழே சிவப்பு. எந்த நிறத்தில் நிற்பாட்டுவது? எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறேன்.

கொமர்ஸ் பொடியன் என்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை செலவு 63,850 ரூபாய். இதில் இரண்டு ரயர் மட்டும் 24,000. ரியூசன் காசும் மாமி தந்ததும். இரும்புக்காரர் கேட்டது 20,000. வாடகைக்கு ரக்டர் பிடித்து உழுதிருந்தால் இதில் பாதியும் வந்திருக்காது. ஐந்தொகையில் எந்தப் பக்கம் போட்டாலும் உதைக்கிறது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டு, "அந்த ரியூப்ப எழுதேல்லயே" என்றார். பகிடிக்குச் சொன்னாரா என்று இன்னும் தெரியவில்லை.

இப்போது கியர் பெட்டிப் பக்கம் ஒயில் கசிகிறது. சீல் போய்விட்டது. பழையதில் எழுத்து அழிந்துவிட்டதால் அளவுச் சீலாகத்தான் தேட வேண்டும். வாற சனிக்கிழமை சுன்னாகத்தில் இரண்டு கடை பார்க்கப்போகிறேன், அப்பாவும் வாறாராம். உங்கள் யாருடையாவது வீட்டுக் கொட்டிலுக்குள் பழைய லான்ட்மாஸ்ரர் பாகம் ஏதும் கிடந்தால், இரும்புக்காரருக்கு ஏற்ற முதல் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கோ. கிலோ 90க்கு மேல் தருவேன்.